அடுப்புக்குத் திரை இல்லை

யார் யாரைப் பார்க்கக் கூடாது என்று எழுதிக் கொடுப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இப்படிச் சொன்னால் ஊரில் முகம் சுளிப்பார்கள் என்று, “கம்ப்யூட்டர் வேலை” என்பதோடு நிறுத்திக்கொள்வேன். சென்னையில் ஒரு டேட்டா சென்டரின் ஸ்டோரேஜ் பிரிவில் இருக்கிறேன். ஒரு பக்கம் வரிசை வரிசையாக சர்வர்கள். மறுபக்கம் அவை எல்லாம் பொதுவில் பயன்படுத்தும் பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகள். இடையில் ஃபைபர் சேனல் சுவிட்சுகள். எல்லாம் சேர்ந்த வலைக்கு ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க் என்று பெயர். நாங்கள் ஸான் என்போம். அந்த வலையில் எந்த சர்வர் எந்தப் பெட்டியைக் காணலாம், எது அதன் கண்ணில் படவே கூடாது என்று வகுப்பதுதான் ஸோனிங். புது வலை ஒன்று அமையும்போது கேபிள் இழுப்பதற்கு முன்பே அதைத் தாளில் திட்டமிட்டாக வேண்டும். என் காலம் பெரும்பாலும் அந்தத் தாளில் கழிகிறது.

பிறந்தது வடலூரில், பார்வதிபுரத்தில். சாதி, சமயம், இனம் என்று மனிதரைக் கூறுபோட்ட எல்லாவற்றையும் வேண்டாம் என்ற ஒருவர், தம் கடைசி ஆண்டுகளில் எங்கள் ஊரில் ஒரு சபை கட்டினார். கட்டியவர் அதற்குள் ஏழு திரைகளைத் தொங்கவிட்டார். சபைக்குள் நுழையவும் ஒரு விதி இருக்கிறது: உயிர்க்கொலையையும் ஊன் உணவையும் விட்டவர்கள் மட்டுமே உள்ளே வரலாம். வாசலில் எழுதியே வைத்திருக்கிறார்கள். பேதம் கூடாது என்றவரின் வாசலில் எப்படி ஒரு பேதம் வந்தது? சின்ன வயதில் இதைக் கேட்டால் “பெரியவங்க சமாச்சாரம்” என்று அடக்கிவிடுவார்கள். ஸோனிங் கற்றுக்கொண்ட பிறகு அந்தக் கேள்வி எனக்குத் தொழில் கேள்வியாகவும் ஆகிவிட்டது. பிரிப்பது எப்போது நியாயம், எதை வைத்துப் பிரிக்கலாம்?

என் தொழிலில் ஏன் பிரிக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய விண்டோஸ் சர்வர்களுக்கு ஒரு குணம் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற வட்டு எதுவானாலும் அது தனக்கு வந்தது என்றே எடுத்துக்கொள்ளும். தன் அடையாளம் அதில் இல்லை என்றால் ஒன்றை எழுதப் பார்க்கும். அந்த வட்டிலோ பக்கத்தில் இருக்கிற யூனிக்ஸ் சர்வரின் கணக்குவழக்கு எல்லாம் இருக்கும். பொதுக் கொல்லையில் கண்ட குடத்திலெல்லாம் தன் பெயரை வெட்டிக்கொள்கிற புதுக் குடித்தனக்காரன் மாதிரி. இதில் பகை கிடையாது, திருட்டு எண்ணமும் கிடையாது. காண்பதெல்லாம் எனது என்ற நினைப்பு ஒன்றுதான். அப்பா நெய்வேலி அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர், அந்தச் சபையைக் கட்டியவரின் வழியில் போகும் சன்மார்க்க சங்கத்துக்காரர், சைவ சித்தாந்த வகுப்புகளும் கேட்டவர். அவரிடம் இதைச் சொன்னேன். “இது ஆணவம்தாம்மா” என்றார். ஆணவம் என்றால் திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, உயிரோடு ஒட்டிப் பிறந்த இருட்டு அது, கெட்ட எண்ணம் எதுவும் வேண்டியதில்லை, அறியாமையே போதும் என்று விளக்கினார். எனக்கு அது சரியாகப் பொருந்தியது. ஸோனிங்கின் முதல் வேலை கெட்டவனைத் தடுப்பது என்றுதான் வெளியாட்கள் நினைக்கிறார்கள். நல்லவனின் இருட்டிலிருந்து அடுத்தவன் பொருளைக் காப்பதற்கே அது பிறந்தது.

அமைதி இன்னொரு காரணம். வலையில் ஒரு சர்வர் அணைந்து எழுந்தால், சுவிட்ச் அந்தச் செய்தியை அந்த சர்வரின் ஸோனில் இருக்கிற மற்றவற்றுக்குச் சொல்லும். நூறு சர்வர்களை ஒரே ஸோனில் போட்டால் ஒன்று எழும்போதெல்லாம் தொண்ணூற்றொன்பதும் கைவேலையை விட்டுத் திரும்பிப் பார்க்கும். அதனால்தான் ஒரு ஸோனில் சர்வரை வலையோடு இணைக்கும் கார்டு ஒன்றே ஒன்று, அதற்கு வேண்டிய ஸ்டோரேஜ் முனைகள், அவ்வளவே என்பது எங்கள் வழக்கம். இரண்டு சர்வர்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

சரி, பிரிக்கலாம். எதை வைத்து?

இரண்டு வழி உண்டு. ஒன்று, இடம். இந்த சுவிட்சின் ஐந்தாவது போர்ட்டில் செருகியிருப்பது எதுவோ, அது இந்தப் பெட்டியைப் பார்க்கட்டும் என்று எழுதிவிடலாம். அங்கே எந்த சர்வரைச் செருகினாலும் அதே உரிமை. கேபிளை ஆறாவது போர்ட்டுக்கு மாற்றினால் உரிமை போச்சு. இரண்டாவது, பெயர். ஒவ்வொரு கார்டுக்கும் 64 பிட் நீளத்தில் ஓர் அடையாள எண் உண்டு. டபிள்யூ டபிள்யூ என் என்போம். இரண்டிரண்டாக எட்டு ஜோடி எழுத்துகள். அதை வைத்து ஸோன் எழுதினால் கார்டு எந்த போர்ட்டுக்குப் போனாலும் உரிமை கூடவே போகும். இன்று பெரும்பாலும் இந்த இரண்டாவது முறைதான்.

பெயர் என்றால் தானே வைத்துக்கொண்ட பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த எண்ணுக்குள்ளேயே எந்த நிறுவனம் செய்தது என்பதற்கான குறி இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் எண்ணைப் பார்த்ததும் “இது இன்னார் வீட்டுக் கார்டு” என்று சொல்லிவிடுவார்கள். செய்தவன் பொறித்து அனுப்பிய முத்திரை அது. ஆக என் தொழிலில் இருப்பது இரண்டே சாவி: எங்கே நிற்கிறாய், எங்கே பிறந்தாய். கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்று எந்த ஸோனும் கேட்பதில்லை. பத்து ஆண்டு ஒழுங்காக இருந்த கார்டுக்கும் நேற்று வந்ததற்கும் ஒரே சட்டம்தான்.

இயந்திரத்துக்கு இது போதும். அதற்கு மான அவமானம் இல்லை. ஆனால் இந்த இரண்டு சாவியும் இயந்திரத்துக்கு முன்பே நம் ஊரில் இருந்தவை. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்தது இடத்தை வைத்து. கோயில் வாசலில் நிறுத்தியது பிறப்பை வைத்து. (நான் பள்ளிக்குப் போன நெய்வேலியில் ஊரையே வட்டம் வட்டமாக வகுத்திருந்தார்கள். எந்த வட்டம் என்று சொன்னாலே அப்பாவின் பதவியை எங்கள் வகுப்பில் கண்டுபிடித்துவிடுவார்கள். அது பெரிய கொடுமை என்று சொல்ல வரவில்லை. ஆனால் பிள்ளைகள் எவ்வளவு சீக்கிரம் சாவியைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதற்குச் சொல்கிறேன்.)

இங்கே சிதம்பரத்தைப் பேசாமல் நகர முடியாது. நந்தனார் கதையைப் பலமுறை கேட்டிருப்போம். என் தொழில் கண்ணோடு பார்த்தால் அதில் ஒன்று உறுத்தும். ஆதனூரில் பிறந்தவர், தில்லை எல்லைவரை வருகிறார், பிறப்பு தடுக்கிறது, ஊர் எல்லையைச் சுற்றிச் சுற்றி வருகிறார். பெரியபுராணத்தின்படி இறைவன் அவர் கனவிலும் தில்லைவாழ் அந்தணர் கனவிலும் தோன்றுகிறான். தீ மூட்டப்படுகிறது. அதில் புகுந்து முனிவர் வடிவோடு, பூணூலோடு எழுகிறார். அதன்பின் உள்ளே போகிறார். யார் உள்ளே போனது? வாசலில் நின்ற விதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பழைய எண்ணோடு வந்தவரை எரித்துப் புதிய எண்ணோடு ஒருவரை எழுப்பித்தான் அனுமதித்தார்கள். கார்டு பழுதானால் நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்: புதுக் கார்டு, புது எண். சேக்கிழார் இதைப் பக்தியின் வெற்றியாகப் பாடினார் என்பது தெரியும். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பண்ணையாரை, வேதியரை, கதைக்குள் கொண்டுவந்து கொடுமைக்கு ஒரு முகம் கொடுத்தார். எனக்கு முகம் வேண்டாம். விதி அப்படியே நின்றது என்பதுதான் தொண்டையில் நிற்கிறது. விதியை மாற்ற 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வர வேண்டியிருந்தது. சிதம்பரம் கோயிலின் கனகசபை மீது ஏறி பக்தர்கள் கும்பிடலாம் என்று 2022 மே மாதம் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. அதன் பிறகும் அந்த மேடையைப் பற்றிய சண்டை ஓய்ந்தபாடில்லை.

நந்தனாரைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய அதே நூற்றாண்டில், சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823இல் பிறந்தவர் இராமலிங்க வள்ளலார். தில்லையை உருகி உருகிப் பாடியவர். அவர் வடலூரில் கட்டிய சபைக்கு வைத்த பெயர் உத்தர ஞான சிதம்பரம். பழைய சிதம்பரத்தைத் திட்டாமல், பக்கத்தில் வேறொன்றை எழுப்பிக் காட்டியிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அங்கே ரகசியம் ஒரு திரைக்குப் பின்னால். திரையை விலக்கினால் வெட்டவெளியும் பொன் வில்வ மாலையும். இங்கே திரைகள் ஏழு. கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு. விலக்கினால் கண்ணாடியும் அதன் பின்னால் ஜோதியும். மாதப் பூசத்துக்கு ஆறு திரையை நீக்குவார்கள், தைப்பூசத்துக்கு ஏழையும். திரைகள் ஜோதியை மறைப்பதற்காக இல்லை, பார்க்கிறவரின் மாயையைக் காட்டுவதற்கு என்று சன்மார்க்க அன்பர்கள் சொல்வார்கள். இருக்கலாம். எனக்குப் பிடித்தது வேறு. ஏழும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விலகும். இன்னாருக்கு நான்கு, இன்னாருக்கு ஏழு என்று கிடையாது.

இப்போது வாசல் விதிக்கு வருகிறேன். அது இடத்தையும் கேட்பதில்லை, பிறப்பையும் கேட்பதில்லை. எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மதம் என்ற கேள்வி அதில் இல்லை. என்ன செய்கிறாய் என்று கேட்கிறது. எந்த சுவிட்சுக்கும் தெரியாத மூன்றாவது சாவி அது. வெளியே நிற்பவர் தாமே மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரே சாவியும் அதுதான். போர்ட்டை மாற்ற இன்னொருவர் கேபிளைப் பிடுங்க வேண்டும். எண்ணை மாற்ற எரிந்து எழ வேண்டும். நடத்தையை மாற்ற யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை, நாளைக் காலையிலிருந்து தொடங்கலாம்.

சபைக்குள் தூசு துடைத்து விளக்கு வைப்பவர்களுக்கும் வள்ளலார் 1872இல் ஒரு விதி எழுதினார்: 12 வயதுக்கு உட்பட்டவர்கள் அல்லது 72 வயதுக்கு மேற்பட்டவர்கள். இதைப் படித்துவிட்டுச் சிரித்திருக்கிறேன், நன்றாகத் திட்டமிடும் ஒருவரின் குறும்பு இது என்று. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை சீக்கிரமே வளர்ந்து அந்த உரிமையை இழந்துவிடும். எழுபத்திரண்டைக் கடந்தவரால் அதைப் பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. இப்படி ஒரு சாவியை வைத்தால் பரம்பரைப் பூசாரி என்று யாருமே முளைக்க முடியாது. அதை எண்ணித்தான் எழுதினாரா என்று தெரிந்துகொள்ள வழியில்லை, ஆனால் விளைவு அதுதான்.

விதியை யார் காவல் காப்பது? எங்கள் தொழிலில் ஆரம்ப காலத்தில் மென்மையான ஸோனிங் என்று ஒன்று இருந்தது. பெயர்ப் பதிவேட்டில் கேட்டால் உனக்கு உரியதை மட்டும் காட்டும். ஆனால் வேறொன்றின் முகவரி உனக்கு எப்படியோ தெரிந்து நேராக அனுப்பினால் தடுக்காது. இன்றைய சுவிட்சுகள் அப்படி விடுவதில்லை. உரிமை இல்லாத தகவல் வந்தால் சில்லிலேயே கீழே போட்டுவிடும். சபை வாசலில் இருப்பது முதல் வகை. யாரும் வாயை முகர்ந்து பார்ப்பதில்லை. சொல்லி வைத்திருக்கிறார்கள், மற்றது உன் பாடு.

அம்மாவின் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். அம்மா தேவனாம்பட்டினத்துப் பெண். கடலூர்க் கடற்கரை. மீன் இல்லாத சோறு அவளுக்கு விரதச் சோறு. கல்யாணம் ஆகி வடலூர் வந்த பிறகு அப்பா அசைவத்தை விட்டார், அம்மா விடவில்லை. விடச் சொல்லி அப்பா கேட்டதும் இல்லை. தைப்பூசத்தன்று விடியலில் எல்லாருமாகப் போவோம். அப்பா உள்ளே போவார். அம்மா மைதானத்தில் நின்று கும்பிடுவாள். ஒரு முறை தெருக்காரப் பெண் ஒருத்தி, “உள்ள வாக்கா, யாரு பாக்கப் போறா” என்று கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா கையை உதறவில்லை, மெதுவாக விடுவித்துக்கொண்டாள். “நான் தின்னது எனக்குத் தெரியுமில்ல” என்றாள். எந்தச் சில்லும் இவ்வளவு கறாராகத் தடுத்து நான் பார்த்ததில்லை.

ஆனால் இதை வைத்துக்கொண்டு மூன்றாவது சாவிதான் தீர்வு என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. அம்மா மீன் தின்பது அவளாகத் தேர்ந்தெடுத்த நடத்தையா? அவள் அப்பா வலை வீசியவர். அவர் அப்பாவும். கடல் கொடுத்ததைத் தின்று வளர்ந்த பிள்ளைக்கு நடத்தை என்பதும் பாதிப் பிறப்புதான். நம் ஊரில் எந்தத் தட்டில் என்ன இருக்கும் என்பதைப் பெரும்பாலும் தெருவும் சாதியும் தொழிலும் முன்பே தீர்மானித்து வைத்திருக்கின்றன. அப்படியென்றால் நடத்தை என்ற சாவியைக் கொஞ்சம் சுரண்டினால் உள்ளே பழைய எண்தானா? அப்பா வழி உறவில் சிலர் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்திருந்தார்கள். கார்த்திகை முழுக்க அவள் மீனைத் தொடாமல் இருந்த நாட்களிலும் அந்த டம்ளர்தான். வள்ளலார் நடத்தையை வைத்து எழுதிய விதியை அவர்கள் பிறப்பை வைத்துப் படித்தார்கள். எங்கள் வலைகளிலும் இப்படி ஒரு நோய் உண்டு. சர்வர் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும், அதன் எண் மட்டும் ஸோனில் கிடக்கும். எதற்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அழிக்கவும் யாருக்கும் துணிச்சல் வராது.

வள்ளலாரே மனிதரை அகவினத்தார், புறவினத்தார் என்று இரண்டாகச் சொன்னவர். கொலையும் புலையும் விடாதவர்கள் புறவினம். அவர்களோடு நெருங்கிப் பழக வேண்டாம், பசியை மட்டும் ஆற்று என்பது அவர் சொன்னதன் சாரம். அம்மாவின் மகளாக இதைப் படித்தபோது வலித்தது. இப்போதும் வலிக்கிறது. அப்பா சுற்றி வளைத்துச் சமாதானம் சொன்னார். எனக்கு உதவியது சமாதானம் இல்லை, தொழில் பழக்கம். ஒரு விதியைப் பார்த்தால் அது யாரைக் காக்கிறது என்று கேட்பது எங்கள் பழக்கம். தில்லை எல்லையில் நந்தனாரை நிறுத்திய விதி உள்ளே இருந்தவர்களின் தூய்மையைக் காத்தது. சபை வாசலில் இருக்கும் விதி உள்ளே இருப்பவரைக் காக்கவில்லை; அப்பாவுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அந்த வாசலில் மூன்று பேர் நிற்கிறார்கள். உள்ளே போகிறவர், வெளியே நிற்கிறவர், அப்புறம் தட்டில் கிடந்த உயிர். மூன்றாமவருக்காகப் பேச அங்கே வேறு ஆளில்லை என்று அந்த விதியை எழுதியிருக்கிறார்கள். அடுத்தவன் வட்டில் பெயர் எழுதப் போகிற சர்வரைத் தடுக்கும்போது நானும் அந்த வட்டுக்காகத்தான் பேசுகிறேன், சர்வரை வெறுத்து இல்லை. இவ்வளவு தூரம் வந்த பிறகு என்னால் அந்த விதியை மதிக்க முடிகிறது. தனி டம்ளரை மதிக்க முடியாது. இரண்டையும் ஒன்று என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறவர்களோடும் சண்டை.

மதிப்பதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் பெரியது. சபையில் முதல் விழா நடந்தது 1872 ஜனவரி 25, தைப்பூசம். பசித்தவர்களுக்குச் சோறு போட வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச் சாலையில் அடுப்பு மூட்டியது 1867 மே 23. அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவே நாலரை ஆண்டுக்கு மேல் இடைவெளி. சாலைக்கு விதி கிடையாது. பசித்து வந்தால் சோறு. சாதி, மதம், ஊர், நடத்தை ஒன்றும் கேட்பதில்லை. புறவினத்தாருக்கும் பசியாற்று என்று அவர் சேர்த்து எழுதியது இங்கேதான் பொருள் கொள்கிறது. அந்த அடுப்பு அன்றிலிருந்து அணையவில்லை. அம்மா சபைக்குள் போனதில்லை, ஆனால் சாலையில் பந்தியில் உட்கார்ந்து எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறாள். பக்கத்து இலை யாருடையது என்று அங்கே தெரியாது. காலையில் மீன் தின்றுவிட்டு வந்தவரும் இருப்பார், மூன்று தலைமுறையாகச் சைவமானவரும் இருப்பார்.

ஃபைபர் சேனலை வகுத்தவர்களும் இதே வரிசையைத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று கண்டபோது கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த ஸோனிலும் இல்லாத சர்வரும் வலைக்குள் உள்நுழையலாம். சுவிட்ச் அதை வரவேற்று ஒரு முகவரி கொடுக்கும். பெயர்ப் பதிவேட்டில் அது தன் பெயரை எழுதிக்கொள்ளலாம். இந்த அடிப்படைச் சேவைகளுக்கென்று வலையில் நிலையான முகவரிகள் உண்டு. ஸோனிங் அவற்றைத் தொடுவதே இல்லை. முதலில் உள்ளே வா, உனக்கு முகவரி உண்டு, பெயர் உண்டு. யாரைப் பார்க்கலாம் என்பது அதற்கு அடுத்த பேச்சு. வேலையிலும் வரிசை இதுதான்: கேபிளைச் செருகி, சர்வர் உள்நுழைந்துவிட்டதா என்று பார்த்து, பிறகுதான் ஸோன் எழுதுவோம். வரிசையை மாற்றி, ஸோன் இல்லாதவனுக்கு முகவரியும் இல்லை என்று வைத்தால் வலை நடக்காது.

அதனால் ஒரு விதி நியாயமா என்று யாராவது கேட்டால் நான் இப்போதெல்லாம் விதியைப் படிப்பதற்கு முன் அதன் அக்கம்பக்கத்தைப் பார்க்கிறேன். வெளியே நிற்பவருக்கு அங்கே சோறு உண்டா? பசியை ஏற்கனவே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்களா? சாலை இல்லாமல் சபை மட்டும் இருந்திருந்தால் அந்த அறிவிப்பை நான் மன்னித்திருக்க மாட்டேன். கொலை மறுத்தவர்களுக்கு மட்டும் சோறு என்று எங்காவது எழுதியிருந்தால், அது எவ்வளவு உயர்ந்த கொள்கையின் பேரில் வந்தாலும், கொடுமை. குடிதண்ணீர், மருந்து, பள்ளிக்கூடம் இவற்றின் வாசலில் நடத்தையைக் கேட்பதும் அப்படித்தான். சன்மார்க்கத்தில் இதை மறந்து, வாசல் விதியை மட்டும் உரக்கப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் 1872இலிருந்து வள்ளலாரைப் படிக்கத் தொடங்கியவர்கள்.

சாலை, சபை, இவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் அங்கே இருக்கிறது. அதை யாரும் கட்டவில்லை. பார்வதிபுரத்துக்காரர்கள் வள்ளலாருக்குக் கொடுத்த நிலம் 80 காணி, இன்றைய கணக்கில் நூறு ஏக்கருக்குச் சற்று மேல். கொடுத்தவர்களில் எங்கள் முன்னோரும் உண்டு என்று அப்பா சொல்வார். பார்வதிபுரத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். அதில் சபையைச் சுற்றிப் பெரும்பகுதி வெறும் வெளியாகவே கிடக்கிறது. பெருவெளி என்போம். தைப்பூசத்தன்று லட்சக்கணக்கில் கூட்டம் நிற்பது அங்கேதான். 2024 பிப்ரவரியில் சுமார் 100 கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையம் கட்ட அங்கே அரசு அடிக்கல் நாட்டியது. பெருவெளியில் கட்டடம் கூடாது என்று எங்கள் ஊர்க்காரர்கள் மறித்தார்கள், வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நிலம் கொடுத்த பரம்பரை, வள்ளலாரின் நோக்கம், பழைமை என்று இரண்டு தரப்பும் நிறையப் பேசிவிட்டன. நான் கேட்க நினைப்பது அதில் இல்லை.

திருப்புன்கூரில் நந்தனார் வெளியே நின்று பார்த்தபோது நந்தி மறைத்தது. இறைவன் நந்தியை விலகச் சொன்னான், விலகியது என்பது கதை. இன்றைக்கும் அங்கே நந்தி சற்று ஒதுங்கியே இருக்கிறது. உள்ளே வர முடியாதவருக்கு அந்தக் கோயில் கொடுத்தது பார்வை ஒன்றைத்தான். வடலூரில் விலக வேண்டிய நந்தியே இல்லாதபடி வெளியை விட்டிருக்கிறார்கள். வாசல் விதிக்குள் வராதவர்கள் நின்று ஜோதி பார்ப்பதற்கு அந்த வெளி. என் கணக்கில் அது காலி இடம் இல்லை. எந்த ஸோனிலும் சேராதவர்களின் இடம். அதில் எது கட்டினாலும், நூலகமே கட்டினாலும், உள்ளே போகிறவர்களுக்கு ஒன்றும் குறையாது. குறைவது அம்மாவுக்குத்தான்.

போன முறை ஊருக்குப் போனபோது அப்பாவும் அவர் சங்கத்து நண்பர் ஒருவரும் திண்ணையில் உட்கார்ந்து இந்த மையத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நண்பர் கட்டட்டும் என்ற கட்சி. உலகம் முழுக்கச் சன்மார்க்கம் தெரிய வேண்டாமா என்றார். அப்பா சட்டம் பேசினார். அம்மா உள்ளே வஞ்சிரம் கழுவிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு நிலைப்படிக்கு வந்தாள்.

“ஐயா, மையம் கட்டுனா மீன் தின்னவங்க எங்க நிக்கிறதுன்னு பிளான்ல போட்டிருக்காங்களா?”

நண்பர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.